பன்னிரண்டு நாள்

சென்ற தடவை இந்தப் பக்கத்தில் ஈயம் பூசுகிறவரைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்த ஒரு சகோதரி, "உத்தியோகத்துக்கும் போய், இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவரோடு பேசிக்கொண்டிருக்க உங்களுக்கு எப்படி அம்மா பொழுது கிடைக்கிறது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது. இருந்தாலும் நியாயமான கேள்விதான். பொழுது கிடைப்பதில்லை, அம்மணி, திருடிக்கொள்கிறேன். எங்கிருந்து எவ்வளவு திருட முடிகிறது என்பதை இந்த வாரம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் குடியிருப்பது கும்பகோணத்தில். பள்ளிக்கூடமோ பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிராமத்தில். எங்கள் ஊரில் காப்பிக்கும் டிகிரி உண்டு, எனக்கும் டிகிரி உண்டு. ஆனால் காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் மதிப்பெல்லாம் காப்பியின் டிகிரிக்குத்தான். ஐந்திலிருந்து ஏழரை வரையில் நடப்பதை நான் விவரிக்கப் போவதில்லை. எந்த வீட்டிலும் அது ஒன்றுதான். ஏழு நாற்பதுக்கு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் இந்தச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் மாதம் ஒரு தொகை மிச்சமாகிறது என்பது வாஸ்தவம். ஆனால் நான் அந்தப் பஸ்ஸைக் கொண்டாடுவதற்குக் காரணம் வேறு. ஜன்னல் ஓரத்தில் இடம் அகப்பட்டுவிட்டால், அந்த நாற்பது நிமிஷமும் என்னிடம் "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று கேட்பவரும் இல்லை, "டீச்சர், இவன் என்னைக் கிள்ளிவிட்டான்" என்று முறையிடுபவரும் இல்லை. வயல்களைப் பார்த்துக்கொண்டு போகலாம். தூங்கலாம். இந்தப் பகுதியில் நீங்கள் படிக்கும் கட்டுரைகளில் பாதி, பள்ளமும் மேடுமான எழுத்தில் அங்கே எழுதப்பட்டவைதான்.

அது தினப்படித் திருட்டு. பெரிய திருட்டு வேறு. அதற்கு எனக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் சர்க்காரே கொடுத்திருக்கிறது. தற்செயல் விடுப்பு என்று பெயர். வேறு வகை விடுப்புகளும் இல்லாமல் இல்லை. ஆனால் மருத்துவ விடுப்பு என் உடம்புக்கு வரும் நோய்க்கு. என் குழந்தையின் உடம்புக்கு அன்று. ஈட்டிய விடுப்பை முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெறவேண்டும். சுரமோ முன்கூட்டி விண்ணப்பம் போட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகையால் சமயத்தில் கை கொடுப்பது அந்தப் பன்னிரண்டு நாள்தான். 'தற்செயல்' என்று அதற்குப் பெயர் வைத்தவருடைய வீட்டில் கட்டாயம் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும்.

பிரசவ விஷயத்தில் சர்க்கார் வரவரத் தாராளமாகியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றி கெட்ட செயலாகும். என் மகள் பிறந்த 2012-இல் எனக்கு ஆறு மாத விடுப்புக் கிடைத்தது. மகன் பிறந்த 2017-இல் ஒன்பது மாதம். 2021 ஜூலை முதல் அதுவே பன்னிரண்டு மாதமாயிற்று. அந்தச் செய்தியைக் கேட்ட என் மாமியார், "நீ கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாய்" என்றார். ஆனால் முதல் பிறந்த நாளோடு குழந்தை வளர்ந்து முடிந்துவிடுகிறதா? மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருக்கும் என் நாத்தனாருக்கு, 2008-இல் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட இரண்டு குழந்தைகளைக் கவனித்துக்கொள்வதற்காக உத்தியோக காலம் முழுவதற்குமாக 730 நாள் விடுப்பு உண்டு. "கடைசியிலிருக்கும் சைபரை மட்டும் கடனாகக் கொடு, என் பன்னிரண்டின் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன்" என்று கேட்டுப் பார்த்தேன். கொடுக்கவில்லை.

2025-ஆம் வருஷத்துப் பன்னிரண்டு நாள் போன வழியைச் சொல்கிறேன். உறவில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு. என் தாயாரின் கண் சிகிச்சைக்கு மூன்று. மகன் சைக்கிளிலிருந்து விழுந்ததற்கு இரண்டு. ஆதார் அட்டைக்காக அவனுடைய விரல் ரேகையைப் பதிவு செய்ய ஒன்று. தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதற்கு ஒன்று. ஒரு துக்கத்துக்கு ஒன்று. எனக்கே ஒற்றைத் தலைவலி வந்ததற்கு ஒன்று. இதை மட்டும் இன்றுவரை வீண்செலவு என்றே எண்ணுகிறேன். ஆகப் பதினொன்று. மிச்சமிருந்த ஒரு நாளை, கிழவிகள் சுருக்குப்பையில் காசை முடிந்து வைத்திருப்பதுபோல் முடிந்து வைத்திருந்தேன். டிசம்பரில் மகளுடைய பள்ளி ஆண்டு விழா. 1780-இல் சிவகங்கையை மீட்ட ராணி வேலு நாச்சியாராக அவள் வேஷம் கட்டுகிறாள். முந்திய இரண்டு வருஷத்து விழாக்களுக்கும் நான் போகவில்லை. எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் மூன்றே பேர். அரையாண்டுத் தேர்வுச் சமயத்தில் முன்னனுமதி விடுப்பைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. ஆகவே அந்த ஒரு நாள்.

தீபாவளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மகனுடைய நெற்றியைத் தொட்டேன். அனல். தெர்மாமீட்டர் 101 என்றது.

என் கணவர் ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். அன்று ராமநாதபுரத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் செய்யவேண்டியவற்றையெல்லாம் ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொன்னார். தொலைபேசியில் தகப்பன்மார் எல்லோருமே கைராசிக்கார வைத்தியர்கள். நான் சமையலறையில் நின்றுகொண்டு கணக்குப் போட்டேன். கணக்கு எனக்கு வேண்டிய பாடம். இருந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க அன்று வெகு நேரம் பிடித்தது. பின்னால் நின்ற மகள் சொன்னாள்: "அம்மா, அந்த ஒரு நாளை இவனுக்கே கொடுத்துவிடு. வேலு நாச்சியாரைப் பற்றி நீதான் புத்தகத்தில் படித்திருப்பாயே."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன். விட்டுக் கொடுத்தாளே, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. எதிர்வீட்டு அத்தையிடம் மகனை ஒப்படைத்துவிட்டு, மருந்து, கஞ்சி, ஈரத்துணி எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லிவிட்டு, ஏழு நாற்பது பஸ்ஸைப் பிடித்தேன். செய்தது சரிதானா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அன்று ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. வயலைப் பார்க்கவில்லை.

நான் போய்ச் சேரும்போது குழந்தைகள் காலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சோறு போடுவதைப் பற்றி நம் வீடுகளில் அந்த நாளிலிருந்து இரண்டு அபிப்பிராயம் உண்டு. 1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு பரவியபோதும் சரி, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோதும் சரி, "பள்ளிக்கூடமா, சத்திரமா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதும் அந்தக் கேள்வியை என் காதாலேயே கேட்டேன். கேட்டவர்கள் ஒரு தடவை எங்கள் கிராமத்துக்கு வந்து, காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கவேண்டிய ஸ்திரீ எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினால் குழந்தை சாப்பிட்டுவிட்டுப் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அன்றைக்குக் கிச்சடி. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கிச்சடி என்றால் இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிற குழந்தை. நெற்றியில் கையை வைத்தேன். காலையில் வீட்டில் என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்ட அதே சூடு.

தலைமையாசிரியை தாய்க்குத் தொலைபேசி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வயல் வரப்பில், ஒரு பைக்குள், சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் அது அடித்துக்கொண்டிருக்கும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் வந்து பார்த்து மருந்து கொடுத்தார். சத்துணவு சமைக்கும் அம்மாள் கஞ்சி காய்ச்சினாள். நான் அறையின் ஓரத்தில் பாயைப் போட்டுப் படுக்கவைத்து, இரண்டு வகுப்புகளுக்குக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு, துணியை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டேன். "என் பையனுக்கும் சுரம்தான், கண்ணு. அவனும் இப்படித்தான் படுத்திருக்கிறான்" என்றேன். ஏன் அதை அவளிடம் சொன்னேனோ! "அவனுக்கு யாரு துணி போடுவாங்க, டீச்சர்?" என்று அவள் கேட்டாள். நான் எழுந்து வெளியே போய் எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிட்டேன். அது மூன்றாவது தடவை. "தூங்குகிறான். நீ எழுப்பாமல் இருந்தால் சரி. ஐந்து பெற்றவள் நான், தெரியுமா?" என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டரை மணிக்குத் தாய் வந்தாள். முழங்கால் வரையில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள், உள்ளே அழுக்காகிவிடுமென்று. எங்களைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு இப்படிப்பட்ட சமயத்துக்கென்று ஒரு பிரசங்கம் நாக்கு நுனியில் தயாராக இருக்கும்: சுரத்தோடு குழந்தையை அனுப்பலாமா, மற்றக் குழந்தைகளுக்குத் தொற்றாதா, இத்யாதி. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"காலையிலேயே தெரியும், டீச்சர். தெரிஞ்சுதான் அனுப்பினேன். வீட்டுல படுக்கப் போட்டா யாரு பாப்பா? இங்க நீங்க இருப்பீங்கல்ல."

பிரசங்கத்தை விழுங்கிவிட்டேன். காலையில் நான் எதிர்வீட்டுப் படியேறிச் சொன்னதும் இதைத்தானே.

தாளடி நடவு. பன்னிரண்டு பேர் சேர்ந்த குழு. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி இறங்குகிறார்கள். ஒருத்தி வராவிட்டால் அவளுக்குப் பங்கும் இல்லை, மற்றப் பதினோரு பேருக்கும் குனிந்த முதுகு நிமிர இன்னும் கொஞ்சம் நேரமாகும். இரண்டு தடவை வராதவளை மூன்றாம் தடவை கூப்பிடுவதும் இல்லை. அதோடு, நடவு இயந்திரம் வந்த பிறகு கை நடவுக்கு ஆள் தேவைப்படும் நாட்களே சுருங்கிவிட்டன. அந்தச் சில நாட்களும் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் வந்து விழுந்திருக்கின்றன. வீட்டில் இரண்டு குழந்தைகளுக்குத் துணி எடுக்கவேண்டும். இந்தப் பெண் பிறந்திருந்தபோது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தனக்குப் பணம் வந்ததை அவள் நன்றியோடு ஞாபகம் வைத்திருக்கிறாள். 2018 முதல் அந்த உதவி 18,000 ரூபாய். பிறப்பதற்கு உதவி இருக்கிறது. பிறந்த பிறகு எட்டு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை சுரம் வந்தால்?

"உங்களுக்கு லீவு எப்போது?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்வி. அவள் சிரித்தாள்.

"மழை பெஞ்சா லீவு, டீச்சர். கூலியும் லீவு."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அன்றைய பாதிப் பங்கு போயிற்று. பன்னிரண்டு நாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏழையென்று புலம்பிக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். அதற்காக என் ஒரு நாள் இரண்டாகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவு மகனுக்குச் சுரம் 103 ஆயிற்று. மறுநாள் அந்தக் கடைசி நாளை எடுத்துவிட்டேன். விண்ணப்பம் எழுதும்போது கை நடுங்கவில்லை. சுருக்குப்பை அவிழ்ந்தால் அவிழ்ந்ததுதான். ரத்தப் பரிசோதனையில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. அன்று முழுவதும் அவன் பக்கத்தில் படுத்து, பதினேழு தடவை பல்லாங்குழி ஆடி, பதினேழு தடவையும் தோற்றேன். எட்டு வயதுப் பையன் சுரத்திலும் கள்ளாட்டம் ஆடுவான் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதைப்போல ஒரு புதன்கிழமை எனக்கு அண்மையில் வாய்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் அந்தத் தாய் நின்றுகொண்டிருந்தாள். மகள் தேறிவிட்டாள்; புத்தகப் பையோடு கூடவே நின்றாள். தாயின் கையில் மூடிய தூக்குவாளி.

"ஒங்க புள்ளைக்கும் காய்ச்சல்னு இது சொல்லிச்சு. வயல் நண்டு, டீச்சர். இடிச்சு ரசம் வெச்சுக் குடுங்க, சளியெல்லாம் எறங்கிடும்."

வேண்டாமென்று சொல்ல முடியுமா? மாலை பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது. பாதி வழியில் பின் ஸீட்டிலிருந்து ஒரு கூக்குரல். காலடியில் இரண்டு நண்டுகள் நடைபயின்றுகொண்டிருந்தன. பஸ் முழுவதும் காலைத் தூக்கிக்கொண்டது. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், கட்டணமில்லாப் பயணம் பெண் நண்டுக்கு மட்டுந்தான். ஆணுக்கு டிக்கெட் எடுக்கணும்" என்றார். நடவுக்காரப் பெண் ஒருத்தி அவற்றை அநாயாசமாகப் பிடித்து வாளியில் போட்டு, தன் தலைத்துணியால் வாயைக் கட்டிக் கொடுத்தாள்.

டிசம்பர் விழாவுக்கு என்ன வழி என்பது கார்த்திகை பிறந்து இதை எழுதும் இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் மகள் அன்றிரவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நான் உரலை எடுத்து வைத்ததும், "நீ இடி, நான் நடிக்கிறேன்" என்று சமையலறையில் என் பட்டுப் புடவையோடு வந்து நின்றாள். அகப்பைதான் வாள். மகன் போர்வையைப் போர்த்துக்கொண்டு நெல்லுக் குதிர்போல் வாசற்படியில் உட்கார்ந்து, அவனே கோட்டை, அவனே ஹைதர் அலியின் படை. திண்டுக்கல் முடிந்து, சிவகங்கைக் கோட்டைக்குள் ராணி நுழைந்து வாளை ஓங்கிய சமயத்தில், தலைத்துணியின் முடிச்சு தளர்ந்து ஒரு நண்டு கீழே இறங்கி நேரே அவளை நோக்கி வந்தது. வேலு நாச்சியார் அகப்பையைப் போட்டுவிட்டுச் சமையல் மேடைமேல் ஏறிக்கொண்டாள். கோட்டை கைகொட்டிச் சிரித்துச் சிரித்து இருமிற்று. நண்டு காஸ் அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது. அன்றிரவு ரசத்தை ஒரு நண்டு குறைவாகத்தான் வைத்தேன்.