பல்லுறுப்பியும் பழைய வகுத்தல்தான்

உயர்தரத்துல கணிதப் பிரிவை எடுத்துட்டு இடையில விட்டுப் போற பிள்ளையைப் பார்த்து, "மூளை காணாது" எண்டு சொல்றது லேசு. அந்தப் பிள்ளைக்கு இணைந்த கணிதத்தை எப்படித் தொடங்கிக் குடுத்தம் எண்டு யாரும் கேட்கிறதில்லை.

பல்லுறுப்பி வகுத்தலையே எடுங்க. கன இடத்துல முதல் நாளே குறுக்கு வழிதான். குணகங்களை வரிசையா எழுது, முதலாவதைக் கீழ இறக்கு, பெருக்கு, கூட்டு. விடை வந்திடும். ஏன் வந்தது எண்டு கேட்டா, "சோதினைக்கு இது காணும்". பழுகாமத்துப் பிள்ளை பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து எழுவான்கரைக்கு ரியூசனுக்குப் போறது, இப்படி ஒரு மந்திரத்தைப் பாடமாக்கவா?

குறுக்கு வழி கூடாது எண்டு நான் சொல்லல்ல. அதை முதல்ல குடுக்கிறதுதான் கூடாது.

1716ஐ 11ஆல் வகுங்க. 17ல 11 ஒருதரம், மீதி 6. பக்கத்து 1ஐ இறக்கினா 61, அஞ்சு தரம். மறுகா 66, ஆறு தரம். ஈவு 156, மீதி இல்லை. இப்ப 1, 6, 11, 6 எண்ட குணகங்கள் உள்ள முப்படிப் பல்லுறுப்பியை, எக்ஸ் கூட்டல் 1ஆல் வகுங்க. ஈவின்ட குணகங்கள் 1, 5, 6. அதே இலக்கங்கள்! எக்ஸுக்கு 10 போட்டா அந்தப் பல்லுறுப்பி 1716, வகுக்கிறது 11. சின்ன வகுப்புல செய்த அதே கணக்கு, உடுப்பு மாத்திக்கொண்டு வந்து நிக்குது.

இது விளங்கினா மற்றதெல்லாம் தானா வரும். இல்லாத படிக்கு ஏன் 0 போடவேணும்? ஆயிரத்து ஐந்தை 15 எண்டு எழுதுவமா? இருபடிக் கோவையால வகுத்தா மீதி ஏன் ஒருபடிக்கு மேல போகாது? 7ஆல வகுத்தா மீதி 7ஐ விடச் சின்னனா இருக்கவேணுமே, அதே காரணம்தான். மீதியின்ட படி, வகுக்கிறதின்ட படியை விடக் குறைய இருக்கவேணும். குறுக்கு வழியை மட்டும் பாடமாக்கின பிள்ளை, சோதினையில இருபடிக் கோவை வந்த உடனே பேனையை வைக்கிறது இதாலதான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 12ஆம் நூற்றாண்டிலயே, பக்தாதில் பிறந்த அஸ்-ஸமவ்அல், குணகங்களை அட்டவணையில எழுதி, எண்களை வகுக்கிற மாதிரியே பல்லுறுப்பிகளை வகுத்துக் காட்டினவர்.

"இது வாழ்க்கையில எதுக்கு?" எண்டு கேட்கிற ஆக்களுக்கும் பதில் இருக்கு. கடையில காசு கட்ட ஸ்கேன் பண்ற கியூஆர் குறியில ஒரு பகுதி அழுக்குப்பட்டாலும் போன் வாசிக்குதே, எப்படி? தகவலை ஒரு பல்லுறுப்பியா எடுத்து, வகுத்து, வாற மீதியையும் சேர்த்துத்தான் அந்தக் குறியை அச்சடிக்கினம். அழிஞ்ச இடத்தைத் திருப்பிக் கண்டுபிடிக்க அந்த மீதிதான் உதவுது.

படிப்பிக்கிற அண்ணாமார், அக்காமாரிட்ட ஒண்டு கேட்கிறன். முதல் பாடத்துல பலகையில 1716ஐயும் 11ஐயும் எழுதுங்க. அரை மணித்தியாலம் கூடப் போகும், போகட்டும். குறுக்கு வழியை அடுத்த கிழமை குடுங்க. தம்பி, தங்கச்சிமாரே, அவங்க எழுதாட்டி நீங்க கேளுங்க: "சேர், இது ஏன் இப்படி வருது?" அந்தக் கேள்வியோட பாலம் கடந்தா, பஸ் காசு வீண்போகாது.