ஏற்றிய வட்டும் ஏட்டுப் பட்டியலும்

யூனிக்ஸில் எச்சாதனத்தின் கோப்பு முறைமை எவ்விடத்தில் ஏற்றப்பெற்றுள்ளது என்று அறிதலை அற்ப விஷயமாகக் கருதுவார் நம்முட் பலர். நாம் அங்ஙனம் கருதவில்லை.

1969-ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டெனிஸ் ரிட்சி முதலியோர் தொடங்கிய இவ்வமைப்பில், விண்டோஸிற்போலச் சாதனத்திற்கோர் எழுத்து இல்லை. எல்லா வட்டுக்களும் ஒரே மரத்தில் ஒட்டுக்கிளைகளாக இணைக்கப்பெறும். பார்ப்பவர்க்கு ஒட்டுக்கிளை எது, தாய்க்கிளை எது என்பது புலனாகாது. இஃது அழகே, ஆயினும் ஆபத்தும் இதனுள்ளேயே உறைகின்றது. பயன்பாட்டிலுள்ள வட்டின்மேல் டீ.டீ. என்னுங் கட்டளையை ஏவினால், அது வழக்கமாக யாதொரு தடையுஞ் சொல்லாது எழுதிவிடும். பலநாள் தேடித் தொகுத்த சுவடிப் படிகளும் குறிப்புக்களும் சில நொடியில் அழியும்.

ஆகவே யாரைக் கேட்பது என்பதே வினா. எப்.எஸ்.டேப் என்னுங் கோப்பைப் பார்த்து அமைந்துவிடுவாருளர். அஃது ஏற்றவேண்டியன இவை என்னுங் குறிப்பேயன்றி, ஏற்றப்பட்டன இவை என்னுஞ் சான்றன்று. அழைப்பிதழ்ப் பட்டியலைக் காட்டி விருந்தினர் வந்துவிட்டனர் என்பாரை இவர் ஒப்பர். பழைய எம்.டேப் அதனினும் நன்று. ஆனால் அதனை எழுதியது மவுண்ட் கட்டளை, கெர்னல் அன்று. வேர்ப்பகுதி படிப்பதற்கு மட்டுமே ஏற்றப்பட்டிருந்தால் அதில் எழுதவும் இயலாது, பட்டியல் பொய்யாகும். லினக்ஸில் இன்று அது பெரும்பாலும் கெர்னலின் சொந்தப் பட்டியலைச் சுட்டும் இணைப்பாகிவிட்டது. நல்ல மாற்றமே.

கெர்னலையே வினவுக என்பது நம் கருத்து. அதற்குப் பைண்ட்மவுண்ட் கட்டளை உளது. ஒரு கோப்பு எச்சாதனத்தில் உளதென அறிய, டீ.எப். கட்டளைக்கு அதன் பெயரைக் கொடுத்தாற் போதும். எல்.எஸ்.பி.எல்.கே. சாதனத்தின் பக்கம் நின்று நோக்கும். ஏற்றப்படாத வட்டுக்களும் அதில் தோன்றும்.

பெயரிலும் விழிப்பு வேண்டும். எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்பன கெர்னல் கண்ட வரிசைபற்றி இட்ட பெயர்கள். நேற்றைய ஏ இன்று பி ஆகலாம். கோப்பு முறைமையினுள்ளே பொறிக்கப்பட்ட யூ.யூ.ஐ.டி. அங்ஙனம் மாறுவதில்லை. செவிக்கு இன்னாதது, எனினும் நம்பத்தக்கது.

இன்னுமொன்று: கெர்னலின் விடையும் கேட்பவரைப் பொறுத்தது. கன்டெய்னருள் இயங்கும் நிரலுக்கு வேறு பட்டியலே தோன்றும். ஆதலின் அதனுள் நின்றுகொண்டு ‘இவ்வட்டு ஏற்றப்படவில்லை’ எனத் துணிதல் கூடாது. புறத்தே வந்து மீண்டும் வினவுதல் வேண்டும்.