‘எல்லாம் கைடு கையில்’ என்பது யாருக்கு வசதி?

பிஎச்.டி. பற்றிப் பேச்செடுத்தாலே பல்கலைக்கழக வளாகங்களில் காதில் விழுவது, “எல்லாம் கைடு கையில்” என்பதுதான். புதிதாகப் பதிவுசெய்த ஸ்காலருக்குச் சீனியர்கள் சொல்லும் முதல் அறிவுரையும் அதுவே. அனுபவத்தில் பிறந்த பேச்சு. அடியோடு தள்ளிவிட முடியாது. கைடு எனப்படும் நெறியாளரின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு அலுவலகப் படியேறாது. ஆனால் அந்த ஒரு கையெழுத்தை வைத்து அடுக்கப்படும் வாதங்களைத் தனித்தனியே பார்த்தால் ஒன்றும் தேறாது.

“தலைப்பைக் கைடுதான் தரணும்.” தரலாம். நிதி பெற்ற திட்டங்கள் நடக்கும் ஆய்வகங்களில் அது இயல்பும்கூட. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைகளின்படி, முன்மொழிவைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதிசெய்வது ஆய்வு ஆலோசனைக் குழு. நெறியாளர் அதன் அமைப்பாளர். இதுவரை என்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன, எங்கே இடைவெளி இருக்கிறது என்று படித்துக்கொண்டு வரவேண்டியவர் மாணவர். அதற்குத் தரவு கிடைக்குமா, காலத்துக்குள் முடியுமா என்று எடைபோட்டுச் சொல்லவேண்டியவர் நெறியாளர். “எது கொடுத்தாலும் சரி சார்” என்று தலையாட்டியவர், மூன்றாம் ஆண்டில் தலைப்பின் மீது பழிபோடுவதில் நியாயமில்லை.

“கைடுக்கு நேரமில்லை, அதனால்தான் இழுக்குது.” அதே 2022 விதிமுறைகளின்படி, பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் ஒரே சமயத்தில் வழிகாட்டக் கூடாது. இப்படி வரம்பு இருக்கும்போது, ஓர் அத்தியாயம் மாதக்கணக்கில் மேசையில் கிடந்தால் அது நெறியாளரின் தவறுதான். மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் அந்த ஆலோசனைக் குழுவின் முன் தன் ஆய்வை விளக்கவேண்டும் என்கிறது அதே விதி. அதைச் சடங்காக்கிவிட்டு, எழுதாத அத்தியாயத்துக்கு ‘சார் பார்க்கலை’ என்று காரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு என்ற கணக்கில் ஓடுவது மாணவரின் காலம். அதன் நாட்காட்டி அவர் கையில் இருக்கவேண்டும்.

“கைடு கையெழுத்துப் போட்டால் மாணவருக்குக் கவலையில்லை.” கருத்துத் திருட்டைத் தடுக்க யு.ஜி.சி. 2018இல் கொண்டுவந்த விதிமுறைகள் இரண்டு உறுதிமொழிகளைக் கேட்கின்றன. இது என் சொந்த உழைப்பு என்று மாணவர் எழுதித் தரவேண்டும். இதில் திருட்டு இல்லை என்று நெறியாளர் சான்றளிக்கவேண்டும். ஆய்வேட்டில் ஒப்புமை 60 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தாவது மாணவரின் பதிவு. வாய்மொழித் தேர்வான வைவாவிலும் அப்படியே. எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டியவர் மாணவர். எல்லாம் கைடு கையில் என்று நம்பி வந்தவர் அந்த மேடையில்தான் திணறுகிறார். அதற்காக நெறியாளர் தப்பிவிட முடியாது. படிக்காமல் சான்றளித்தவர் பொய்ச்சான்று அளித்தவர்.

“கைடு சொன்னதைச் செய்யணும், அது குருபக்தி.” நான்கிலும் ஆபத்தானது இதுதான். வங்கி வேலை, வீட்டு வேலை, விடைத்தாள் கூட்டல், உழைக்காதவர் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பது என எல்லாவற்றுக்கும் பக்தி என்று பெயர் வைத்தாகிவிட்டது. வைவா நாளின் விருந்துச் செலவுகூட அந்தக் கணக்கில்தான் போகிறது. இவற்றில் எதுவும் ஆய்வு விதிமுறைகளில் கிடையாது. ‘மறுத்தால் பிஎச்.டி. போச்சு’ என்ற பயம் கற்பனையல்ல. உதவித்தொகைத் தாளிலிருந்து ஆய்வேடு வரை கையெழுத்து ஒருவரிடமே இருக்கிறது. அதனால்தான் பகிர்ந்த பொறுப்பு என்பது பாதிக்குப் பாதி ஆகாது. அதிகாரம் கூடியவருக்குப் பொறுப்பும் கூடும். மாணவர் குறை கேட்க ஒவ்வொரு நிறுவனத்திலும் குழுவும், மேல்முறையீட்டுக்குக் குறைதீர்ப்பாளரும் இருக்கவேண்டும் என்று 2023இல் விதி வந்துவிட்டது. அந்த வழியைத் திறந்து வைக்கவேண்டியது பல்கலைக்கழகம். நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்வது மாணவர் செய்யக்கூடியது.

‘எல்லாம் கைடு கையில்’ என்ற பேச்சு இரண்டு பேருக்கு வசதி: உழைக்காத மாணவருக்கு அது சாக்கு, படிக்காத நெறியாளருக்கு அது அதிகாரம். நேர்மையாக உழைக்கும் மற்றவர்களுக்கு அதனால் நஷ்டமே. இதை உடைக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. பதிவுசெய்த முதல் மாதத்திலேயே இருவரும் உட்கார்ந்து, எந்த அத்தியாயம் எப்போது கைக்கு வரும், எத்தனை நாளில் திருத்தம் திரும்பும், கட்டுரைகளில் யார் பெயர் எந்த வரிசையில் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடட்டும். அதன் ஒரு பிரதி துறைத்தலைவரிடம் இருக்கட்டும். தாமதம் யாருடையது என்ற கேள்வி எழும்போது, வதந்திக்குப் பதில் அந்தத் தாளைப் பார்க்கலாம்.