மீன் பாடு போல் வேலைக்கும் முறை வருமா?

பழவேற்காட்டுத் தலைவர்களின் தலைச்சுமை

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. இங்குள்ள ஏரி உப்பு நீர் ஏரி. இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. இறாலும் நண்டும் மடவை மீனும்தான் கரையோர மீனவக் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

ஏரி ஒன்று, வலைகளோ பல. சண்டை வராமல் பிழைப்பது எப்படி?

சீட்டு சொல்லும் நீதி

அதற்கு முன்னோர்கள் கண்ட வழிதான் "பாடு" முறை. இறால் நன்றாகக் கிடைக்கும் நீரோட்ட இடங்களில், யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். மணமான ஆண் ஒரு "தலைக்கட்டு". தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. ஒருவருக்கு நல்ல இடம் வந்தால், அடுத்த முறை அது இன்னொருவருக்குப் போகும். பணக்காரன், ஏழை என்ற பேதம் சீட்டுக்குத் தெரியாது! கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இந்த முறைக்குப் பேர்போன ஊர்கள்.

பொதுச் சொத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காக, எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. படகோட்டும் நம் மக்களுக்கு அது பழைய பாடம்!

ஆனால் குறையும் உண்டு. பாட்டில் சேராத மீனவர்களும் ஏரியில் பங்கு கேட்கிறார்கள். அதனால் தகராறுகள் வந்திருக்கின்றன. ஊர்க் கூட்டத்தில் பெண்களுக்கு வழக்கமாக இடம் இல்லை.

எல்லாம் ஒருவர் தலையில்

முன்பு தலைவருக்கு வழக்குத் தீர்ப்பதே பெரிய வேலை. இன்று அப்படியா? முகத்துவாரம் மணலால் அடைபட்டால் மனுக் கொடுக்க வேண்டும். புயல் வந்தால் நிவாரணப் பட்டியல் எழுத வேண்டும். மீனவர் நல வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதித் தரவேண்டும்.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை இப்பகுதி மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இத்தகைய திட்ட அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டவை. வலை இழுத்துவிட்டு வந்து அத்தனையையும் ஒருவரே படிக்க முடியுமா? படிக்காமல் கூட்டத்துக்குப் போனால் ஊரின் குரல் எடுபடுமா?

ஆள் இல்லையா?

ஆள் இருக்கிறது. படித்த வாலிபர்கள் அறிக்கையைப் படித்துச் சொல்லலாம். மகளிர் குழுக்களில் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் நிவாரணப் பட்டியலைப் பார்க்கலாம். எந்த வீட்டில் விதவை இருக்கிறாள், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

பிறகு ஏன் யாரும் முன்வருவதில்லை? ஒரு நாள் ஆபீசுக்கு அலைந்தால் ஒரு நாள் பிழைப்பு போகிறது. கைக்காசில் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. தலைவருக்கும் ஒரு பயம்: பொறுப்பைக் கொடுத்தால் மதிப்பும் போய்விடுமோ என்று!

இதற்கு மருந்து பாடு முறையிலேயே இருக்கிறது. இன்று பாடு இல்லாதவர் இன்று ஊர் வேலைக்குப் போகட்டும். மீன் முறைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வேலை முறைப் பட்டியலும் இருக்கட்டும். பஸ் செலவை ஊர்ப் பொதுப் பணம் ஏற்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு இருக்கட்டும். செய்தவர் கூட்டத்தில் எழுந்து கணக்குச் சொல்லட்டும். பெண்களும் அந்தக் கூட்டத்தில் உட்காரட்டும்.

வேலையைக் கொடுத்தால் அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும். "நீ எழுது, ஆனால் என்னைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதாதே" என்றால் அது பங்கீடு அல்ல, எடுபிடி வேலை! அப்படிப் போன வாலிபன் மறுமுறை வரமாட்டான்.

தலைவரின் மதிப்பு இதனால் குறையாது. அவர் படுக்கையில் விழுந்தாலும் ஊர் வேலை நிற்காது என்றால், அதைவிட என்ன பெருமை வேண்டும்?

தண்ணீரையே பங்கு போடத் தெரிந்தவர்களுக்கு, வேலையைப் பங்கு போடுவது பெரிய காரியமா?