பல் கடிக்கும் பிள்ளையும் பூட்டி வைத்த கைப்பேசியும்

குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் தாய்மார்கள் காய்ச்சல், சளி, பசியின்மை எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு, கதவருகே நின்று ஒன்றைக் கேட்பார்கள். "ராத்திரி பூரா பிள்ளை பல்லை நறநறன்னு கடிக்கான். அந்தச் சத்தத்துல எங்களுக்கே உறக்கம் வர மாட்டேங்கு. பெரிய சீக்கா எதுவும் இருக்குமோ?" கடம்பூர், கயத்தாறு, கழுகுமலை என எந்த ஊரிலிருந்து வந்தாலும் இக்கேள்வி பெரும்பாலும் கதவருகேதான் கேட்கப்படுகிறது. நோய் என்று சொல்லத் தயக்கம். சொல்லாமல் போகவும் மனம் வருவதில்லை.

முன்பெல்லாம் இதற்கு ஊரே விடை வைத்திருந்தது. வயிற்றில் பூச்சி இருந்தால் பிள்ளை பல்லைக் கடிக்கும் என்பார்கள். வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி வெறும் வயிற்றில் விழுங்கச் செய்வார்கள். இப்போது விடை மாறிவிட்டது. "எல்லாம் இந்தச் செல்லால வந்த வினை" என்று தாய் சொல்வார். உடன் வந்த ஆச்சி அதை ஆமோதிப்பார். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அன்று பூச்சியின் மீது சுமத்திய பழியை இன்று கைப்பேசியின் மீது சுமத்துகிறோம் என்பது என் கருத்து. பூச்சியைப் பற்றிய நம்பிக்கைக்கு உறுதியான சான்று கிடையாது. கைப்பேசியைப் பற்றிய ஐயத்துக்கு ஓரளவு சான்று உண்டு. ஆயினும் இரண்டிலும் ஒரு வசதி இருக்கிறது: பழியைச் சுமத்திவிட்டால் பிள்ளையிடம் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

பூச்சி மாத்திரையை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 2015-இல் தொடங்கப்பட்ட தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தின் கீழ், 1 வயது முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. இரத்தசோகையையும் வளர்ச்சிக் குறைவையும் தடுக்க அது தேவை. பல் கடிப்பது நிற்கவில்லை என்பதற்காக அதே மாத்திரையை மாதந்தோறும் கடையில் வாங்கிக் கொடுப்பதுதான் வேண்டாத வேலை.

உறக்கத்தில் நடப்பது என்ன? நாம் இரவு முழுவதும் ஒரே ஆழத்தில் உறங்குவதில்லை. உறக்கம் மேலேறி வரும் வேளைகளில், கண் திறவாமலே மூளை சில நொடிகள் விழிப்பின் விளிம்புக்கு வந்து திரும்பும். அப்போது இதயத் துடிப்பு சற்றே கூடும். சிலருக்குத் தாடைத் தசைகள் தாளம் போடுவதுபோல் இறுகித் தளரும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் உரசினால் அந்த ஓசை எழும். 2018-இல் இத்துறையின் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த கருத்தின்படி, மற்றபடி நலமாக இருப்பவர்களிடம் காணப்படும் இந்தச் செயலை நோய் என்று கொள்ள வேண்டியதில்லை. அது ஒரு நடத்தை மட்டுமே. எதனோடு சேர்ந்து வருகிறது, எதைத் தேய்க்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதன் பொருளை முடிவு செய்ய வேண்டும். குழந்தைகளில் பெரும்பாலோருக்கு, பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்து முடிவதற்குள் இது தானாகவே தணிந்துவிடும். கதவருகே நின்று கேட்கும் தாய்மாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாதிப் பேர் அதிலேயே நிம்மதி அடைந்து வீடு திரும்புகிறார்கள்.

மீதிப் பேரைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நம் மொழிக்கு இச்செய்தி புதிதல்ல. "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்" என்று சொல்கிறோம். கோபத்தை வெளியில் காட்ட முடியாதவன் பற்களை நறநறவென்று கடித்தான் என்று கதை சொல்கிறோம். சொல்ல முடியாததைத் தாடை சொல்லும் என்று நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். விழித்திருக்கும்போது பல்லை இறுக்குவதும் உறக்கத்தில் உரசுவதும் ஒரே செயல் அல்ல என்று மருத்துவம் பிரித்துக் காட்டும். எனினும் மனப்பதற்றம் மிகுந்த குழந்தைகளிடம் பல் கடிக்கும் வழக்கம் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஏழு வயதுப் பிள்ளை "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொல்லாது. வயிறு வலிக்கிறது என்னும். பள்ளிக்குப் போகமாட்டேன் என்னும். அல்லது ஒன்றுமே சொல்லாது.

நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கடம்பூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுவனை அழைத்து வந்தார்கள். கடைவாய்ப் பால்பற்களின் முகடுகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. காலையில் கன்னம் வலிக்கிறது என்றான். உறவினர் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வாங்கி வந்தாலும் தொடுவதில்லை, போளிதான் கேட்கிறான் என்றார் தாய். எங்கள் பகுதிப் பிள்ளை கடலை மிட்டாயை வேண்டாம் என்று சொன்னால் தாடையைப் பார்த்துவிட வேண்டும் என்பது அன்று நான் கற்றுக்கொண்ட பாடம். இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறான் என்று கேட்டேன். பதினொன்று, பதினொன்றரை ஆகும் என்றார். அதுவரை என்ன செய்கிறான்? கைப்பேசி பார்க்கிறான்.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வரிசையில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கைப்பேசியை அவன் கண்ணில் காட்டாதீர்கள், பூட்டி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தத் தாய் சொன்ன சொல் தவறாமல் செய்தார்.

மூன்று வாரங்கள் கழித்து ஆச்சி அழைத்து வந்தார். தாய்க்குத் தீப்பெட்டி ஆபீஸில் விடுப்புக் கிடைக்கவில்லை. பல் கடிப்பது கூடியிருந்தது. விட்டுப் போயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கமும் திரும்பியிருந்தது. சொன்னபடி கைப்பேசியைப் பூட்டி வைத்தீர்களா என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூட்டித்தான் வச்சா. அப்பன் மொகத்தப் பாக்காம பிள்ளை ஏங்கிப் போயிட்டான், டாக்டரய்யா" என்றார்.

அவனுடைய தந்தை குவைத்தில் வேலை பார்க்கிறார். வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது அங்கு இரவு எட்டு மணி, இங்கு பத்தரை. அந்தப் பத்தரை மணி அழைப்புக்காகத்தான் சிறுவன் விழித்திருந்தான். விழித்திருப்பதற்காகத்தான் அதுவரை கைப்பேசியில் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தான். மழை பொய்த்தால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் கருகிப்போகிற கரிசல் மண்ணில், வெளியூர் வருமானத்தை நம்பாத வீடுகள் குறைவு. திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ சென்ற தந்தையின் முகம் வீட்டுக்குள் வரும் வழி அந்தச் சிறு திரைதான். நான் அதைப் பூட்டச் சொன்னேன். கைப்பேசி பார்ப்பதை நிறுத்தினேன் என்று எண்ணியிருந்தேன். பிள்ளைக்கும் தந்தைக்கும் இடையே கதவை அடைத்திருக்கிறேன்.

இதனால் கைப்பேசி குற்றமற்றது என்று ஆகிவிடாது. இரவில் முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கும் திரையின் ஒளி, உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு அதிகம். ஒளியைவிட மோசமானது உள்ளடக்கம். துரத்தல், வெடித்தல், தோற்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் என்று சுழலும் விளையாட்டை அணைத்த ஐந்தாம் நிமிடத்தில் உறங்கு என்றால் உடல் எப்படி அடங்கும்? 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு ஆறரை மணி நேரம்கூடத் தேறுவதில்லை. உறக்கம் குறைந்தால் பதற்றம் கூடும். பதற்றம் கூடினால் உறக்கம் கலையும். பல் கடித்தல் அந்தச் சுழற்சியில் ஒரு கண்ணி. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் போதும். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் ஏறத்தாழ இதையே சொல்லி, ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது.

ஆனால் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்முன் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் பார்த்துப் படியுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் நாம்தான். கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கிய வீடுகளை நான் அறிவேன். கையில் கொடுத்ததும் நாம், பிறகு அதைப் பிடித்ததற்காகத் திட்டியதும் நாம். அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், இஸ்ரேல், போலந்து ஆகிய இரு நாடுகளில் பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் தாடை வலியும் பல் கடித்தலும் கூடியிருந்தது தெரியவந்தது. அச்சம் பெரியவர்களின் தாடையையே இறுக்கும்போது சிறுவர்களைச் சொல்ல வேண்டுமா?

ஆகவே பல் கடிக்கும் பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியை வாங்குவதற்கு முன், அந்தக் கைப்பேசி அந்த வீட்டில் எந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று கேளுங்கள். அது தந்தையாக இருக்கலாம். தாய் வேலை முடிந்து வரும்வரை காவலாக இருக்கலாம். பெரியவர்கள் சண்டையிடும்போது காதை மூடிக்கொள்ளும் கையாக இருக்கலாம். அந்த வேலையை வேறு யார் செய்யப்போகிறார் என்று முடிவு செய்யாமல் பறித்தால், பிள்ளைக்கு மிஞ்சுவது தாடை மட்டுமே.

கைப்பேசிக்குத் தொடர்பே இல்லாத காரணங்களும் உண்டு. பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடும், வாயைத் திறந்தபடி மூச்சு விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்புறச் சதையோ தொண்டைச் சதையோ வீங்கியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தி நேரத்தில் பெரியவர்களோடு சேர்ந்து கடுங்காப்பி குடிக்கும் பிள்ளைகளை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். அதை நிறுத்துவது எளிது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகைப்பதற்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதை நிறுத்துவது அவ்வளவு எளிதன்று என்பதையும் அறிவேன். மூளை முடக்குவாதம் போன்ற பாதிப்புள்ள பிள்ளைகளிடம் பல் கடித்தல் மிகுதி. அவர்களைப் பராமரிப்போர் இதைத் தங்கள் கவனக்குறைவு என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. பிள்ளை வேறு நோய்க்கு மருந்து உட்கொண்டால் அதன் பெயரை மறவாமல் சொல்லுங்கள். சில மருந்துகளும் பல் கடிப்பைத் தூண்டும்.

பல் மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்? பல் முனை உடைந்தாலோ, தட்டையாகத் தேய்ந்தாலோ, குளிர்ந்த நீர் பட்டுக் கூசினாலோ, காலையில் கன்னமோ நெற்றிப்பொட்டோ வலித்தாலோ காலம் தாழ்த்தாதீர்கள். குறிப்பாக ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைக்கும் பெரிய பல்லைப் பலரும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். அது நிலைப்பல். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. பெரியவர்களுக்குத் தருவதுபோல் இரவில் மாட்டும் பல் உறையைப் பிள்ளைகளுக்கு எளிதில் தருவதில்லை. தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது, பற்கள் விழுந்து முளைக்கின்றன. உறை எங்கே என்று எங்களிடம் சினம் கொள்ள வேண்டாம். பிள்ளையின் பதற்றம் பகலிலும் தெரிந்தால், பள்ளியைக் கண்டு நடுங்கினால், டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

அந்தச் சிறுவனின் வீட்டில் செய்த மாற்றம் சிறியது. தந்தை மதிய உணவு இடைவேளையில் அழைக்கத் தொடங்கினார். இங்கே அது பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் நாலரை மணி. விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் கூடுதல் நேரம் பேசினார். இரவுக்கென ஒரு குரல்பதிவு அனுப்புவார். ஆச்சி திரையைக் கவிழ்த்து வைத்து அதை ஒலிக்கச் செய்வார்; ஒன்பது மணிக்குள் பிள்ளை உறங்கிவிடுவான். பல் கடிப்பது குறைந்தது, முற்றாக நிற்கவில்லை. தேர்வு வாரங்களில் கூடுவதாகச் சொன்னார்கள்.

பிறகு ஒரு பொங்கலுக்குத் தந்தை விடுப்பில் வந்திருந்தார். மூவருமாக வந்து புதிதாக முளைத்த பற்களைக் காட்டினார்கள். நல்ல பற்கள். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு, மனைவியையும் மகனையும் முன்னே போகவிட்டு, அவர் கதவருகே தயங்கி நின்றார். "அங்க ரூம்ல நானும் ராத்திரி பல்லக் கடிக்கேன்னு கூட இருக்கவங்க சொல்லுதாங்க, டாக்டர். இது பெரிய சீக்கா?" என்று கேட்டார். திரும்பி வந்து உட்காரச் சொன்னேன்.