நேற்று வாழ்க! இன்று ஒழிக!



பீளமேட்டில் ஒரு பேக்கரி. லேத் பட்டறைகள் அடைத்துக் கை கழுவி வந்த தோழர்கள் நாலைந்து பேர் டீ கிளாசும் பன்னுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். 2025 ஏப்ரல் 11, வெள்ளி இரவு. சேப்பாக்கத்தில் சென்னை அணி இருபது ஓவரையும் ஆடித் தீர்த்து, ஒன்பது பேரைப் பலி கொடுத்து, 103 ரன் எடுத்திருந்தது. கொல்கத்தா அணியார் பத்து ஓவரும் ஒரு பந்தும்தான் ஆடினர், ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். தொடர்ந்து ஐந்தாவது தோல்வி! சொந்த மண்ணிலே தொடர்ந்து மூன்றாவது!

கிளாசைப் பெஞ்சின்மேல் ஓங்கி வைத்தார் ஓர் இளைஞர்.

"அந்த பிளெமிங்கை மொதல்ல ஊருக்கு அனுப்போணுங்ணா! ஒண்ணுக்கும் ஆகாத ஆளு!"

நான் சிரித்தேன். ஏனெனில் இதே இளைஞர், 2023இல் ஆமதாபாத்தில் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஆறும் நான்குமாக அடித்து ஐந்தாவது கோப்பையை வாங்கித் தந்தாரே, அதற்கு மறுநாள் காலை இதே பெஞ்சில் உட்கார்ந்து, "பிளெமிங் மூளைக்கு ஈடு ஏதுங்ணா!" என்றவர். மூளை அதேதான். ஆளும் அவரேதான். இரண்டு ஆண்டுகள்தாம் நடுவிலே ஓடியிருக்கின்றன.

யார் இந்த ஸ்டீபன் பிளெமிங்? நியூசிலாந்து நாட்டவர். 80 டெஸ்டுப் பந்தயங்களில் தன் நாட்டு அணிக்குத் தலைமை ஏற்றவர். 2008இல் சென்னைக்கு ஆட்டக்காரராக வந்தார், 2009இல் பயிற்சியாளரானார். ஐ.பி.எல். சந்தையிலே பயிற்சியாளர் வேலை என்பது பதிலி வேலை போன்றது. அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில், அணி தடைபட்டிருந்த இரண்டு ஆண்டு நீங்கலாக, 2025 வரை ஒரே அணியிலே நின்றவர் அவர். 2010, 2011, 2018, 2021, 2023 — ஐந்து கோப்பைகளின்போதும் பயிற்சியாளர் அவர்தான்.

இந்த ஐந்துக்கும் நடுவே ரசிகனின் நாக்கு எத்தனை முறை புரண்டது என்று எண்ணிப் பாருங்கள்!

2018 ஜனவரி ஏலம் முடிந்தவுடன் எழுந்த சிரிப்பொலி நினைவிருக்கிறதா? வாட்சனுக்கு வயது 36. தோனிக்கு 36. ஹர்பஜனுக்கு 37. இம்ரான் தாகிருக்கு 38. "கிழவர் படை" என்றார்கள். "முதியோர் இல்லம்" என்றார்கள். போதாக்குறைக்கு, காவிரிக்காகத் தமிழகம் கொதித்தெழுந்த அந்த ஏப்ரலில் பந்தயங்கள் சேப்பாக்கத்திலிருந்து புனேக்குப் போயின. மே 27, பம்பாயிலே இறுதி ஆட்டம். வாட்சன் களத்தில் நிற்கிறார். முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்னும் இல்லை! "பார்த்தாயா கிழவனை!" என்றது ஊர். அந்தக் கிழவர் 57 பந்தில் 117 அடித்து, ஆட்டமிழக்காமல் வெளியே வந்தார். மறுநாள் முதல் "கிழவர் படை" என்பது விருதுப் பெயராகிவிட்டது. அனுபவமாம், நிதானமாம், பிளெமிங்கின் தீர்க்க தரிசனமாம்!

2020இல் ஏழாவது இடம். உடனே, "கிழவர்களை வைத்துக்கொண்டு கட்டி அழுகிறார்" என்றார்கள். 2021இல் ஏறத்தாழ அதே ஆட்கள், ஒரு வயது கூடுதலாக, துபாயிலே கோப்பையைத் தூக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் 86 அடித்த டுபிளெசிக்கு வயது 37. "வாழ்க!" 2022இல் ஒன்பதாவது இடம். "ஒழிக!" 2023இல் மீண்டும் "வாழ்க!"

முறை ஒன்றே, தோழர்களே. தெரிந்த ஆளை நம்பு, இரண்டு பந்தயத்தில் தவறினான் என்று தூக்கி எறியாதே, பொறு. இதுதான் அவர் நடத்திய பட்டறையின் சட்டம். வென்றபோது இதற்குப் பெயர் விசுவாசம். தோற்றபோது இதற்கே பெயர் பிடிவாதம்!

இந்த ஊர்த் தொழிலாளிக்கு நான் விளக்கவா வேண்டும்? பம்பு வார்ப்படம் ஒன்று லேத்துக்கு வருகிறது. மேலே பார்த்தால் பளபளப்பு. கடைசிச் சீவலில் உள்ளே புதைந்திருந்த காற்றுக்குமிழ் வாய் பிளந்து நிற்கிறது; பண்டம் பாழ். ஏச்சு வாங்குவது யார்? வார்த்தவனா? மட்ட இரும்பை வாங்கிப் போட்டவனா? லேத்தில் நின்றவன்! அவன் கையில்தானே அது வெளிப்பட்டது! அந்த நியாயம் கெட்ட ஏச்சை எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டவர்தாம், பேக்கரிக்கு வந்ததும் மேஸ்திரி தோரணையில் பிளெமிங்கை ஏசுகிறார். வேடிக்கை!

அதற்காக அவர் குற்றமே செய்யாதவர் என்று வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 2025 பருவத்தில் 14 பந்தயங்களில் நான்கே வெற்றி, பத்தாவது இடம், அணியின் வரலாற்றிலே முதல் முறையாகக் கடைசி. மற்ற அணிகள் முதல் ஆறு ஓவரிலேயே அடித்து நொறுக்கும் காலத்தில், சென்னை பழைய பேசஞ்சர் வண்டியைப் போல ஊர்ந்தது. திரிபாதி, ஹூடா, விஜய்சங்கர் என்று நம்பி எடுத்த ஆட்கள் கைகொடுக்கவில்லை. ருதுராஜ் முழங்கை முறிந்து விலகிய பிறகுதான் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேக்குக் கதவு திறந்தது. அந்தப் பையன் பெங்களூருக்கு எதிராக 94 அடித்தான். பிரெவிசும் அப்படியே, காயம்பட்டவருக்குப் பதிலியாக வந்தவர்தான். கடைசிப் பந்தயத்தில் இவர்களை வைத்துக்கொண்டு 230 எடுத்து, குஜராத்தை 83 ரன்னில் வீழ்த்தினார்கள். இளைஞரை முன்பே தேடாதது தவறு. ஏல மேசையில் அமர்ந்திருந்த பிளெமிங் அந்தத் தவறில் பங்காளி. பொறுமை என்ற குணம் அளவு மீறியபோது கண்ணை மறைத்துவிட்டது என்பதே என் எண்ணம்.

பங்காளி என்றுதான் சொல்கிறேன். தனி முதலாளி என்று சொல்லவில்லை. ஐந்தாண்டாக நாட்டுக்கு ஆடாதவரை, நாட்டுக்கே ஆடாதவர் வரிசையில் சேர்க்கலாம் என்ற விதி அந்தப் பருவத்துக்கென்று திரும்பி வந்தது. அதன்படி, உலகக் கோப்பைகளை வென்ற தலைவர் தோனி 4 கோடிக்குத் தக்க வைக்கப்பட்டார். சட்டை விற்கும், டிக்கெட் விற்கும், விளம்பரம் குவியும் அந்தக் கணக்கை மாதச் சம்பளக்காரர் ஒருவரா போட்டிருப்பார்? இன்னொன்று. அணி நிருவாகத்தைச் சேர்ந்தவர் சூதாட்டப் பணயம் கட்டினார் என்பதற்காக 2015 ஜூலையில் லோதா குழு இரண்டாண்டுத் தடை விதித்ததே, அது பயிற்சியாளர் செய்த பிழையா? பிழைப்புக்குப் புனே அணிக்குப் போனார் மனிதர். 2017 இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு ரன்னில் தோற்றார். 2018இல் அணி திரும்பி வந்தபோது உரிமையாளரை நோக்கி ஒரு கேள்வி உண்டா? விசில் அடித்தல்லவா வரவேற்றோம்!

பேக்கரிப் பெஞ்சில் பயிற்சியாளர் பெயர் அடிபடுகிறது. ஆட்டக்காரர் பெயர் கிழிபடுகிறது. ஆலை யாருடையது என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை.

நம் ஊர்க் கதை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை சிட்டி என்ற கால்பந்து அணிக்குச் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2019 மார்ச் 9, ஐ-லீக்கின் கடைசி நாள். வென்றால் பட்டம்; தவறினால் ஒரு புள்ளியில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடும். மூன்றாம் நிமிடத்திலேயே பஞ்சாப் அணி கோல் போட்டது. நம் ஆட்கள் மூன்று கோல் திருப்பிப் போட்டு, 43 புள்ளிகளோடு இந்தியாவின் பட்டத்தை வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்திலேயே வாங்கினார்கள்! பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர், அக்பர் நவாஸ். அடுத்த பருவத்தின் நடுவிலேயே, பட்டம் வென்ற ஆண்டில் 21 கோல் அடித்திருந்த மான்சி ஜப்பானுக்குப் போய்விட்டார். பட்டம் கைநழுவியது. பயிற்சியாளரும் போனார். 2020–21 பருவத்தோடு அணியே ஐ-லீக்கில் இல்லாமல் போயிற்று. வாழ்க என்று கத்தியவர் சிலர். ஒழிக என்று கத்த ஒருவரும் இல்லை.

அன்றிரவு அந்த இளைஞரிடம் கேட்டேன்: "தம்பி, அக்பர் நவாஸ் யார், தெரியுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"யாருங்ணா? உக்கடம் பக்கம் கவுன்சிலருங்களா?"