பெயரும் பொருளும்: இளையோர் கேட்கும் இரு கேள்விகள்

இரத்தம் குடிப்பது ஹராம் என்றால் கல்லீரலை மட்டும் எப்படி உண்கிறோம்? கஞ்சா என்ற சொல்லே குர்ஆனில் இல்லையே, பிறகு அது எப்படி ஹராமாகும்? பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மார்க்கப் பாடம் நடத்தும் எவரும் இவ்விரு கேள்விகளையும் சந்தித்தே தீர்வர். வீட்டில் இவற்றைக் கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் "என்ன பேச்சு இது, தவ்பா செய்" என்ற அதட்டலே கிடைக்கிறது. இதை நாம் ஏற்பதற்கில்லை. அதட்டப்பட்ட பிள்ளை அதே கேள்வியைத் தெருமுனையில் கேட்பான். அங்கே அவனுக்கு விளக்கம் சொல்பவன் பொட்டலம் விற்பவனாகவும் இருக்கலாம்.

முதல் கேள்வி, உண்மையில், சட்ட அறிஞர்கள் கேட்ட கேள்விதான். திருக்குர்ஆன் நான்கு இடங்களில் இரத்தத்தை விலக்குகிறது. மூன்று இடங்களில் 'இரத்தம்' என்று மட்டுமே வருகிறது. அல்அன்ஆம் அத்தியாயத்தின் 145ஆம் வசனத்தில் 'ஓட்டப்பட்ட' என்ற ஓர் அடைமொழி சேர்கிறது. அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிக்கொண்டே அறிஞர்கள் தெளிவு கண்டார்கள். அறுக்கும்போது கழுத்திலிருந்து பாய்ந்தோடும் இரத்தம் ஹராம்; இறைச்சியோடும் நரம்போடும் ஒட்டி எஞ்சுவது மன்னிக்கப்பட்டது. சமைக்கும் பானையின் மேல் படரும் செந்நிறத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் குற்றம் காணவில்லை என்றும், அதற்கு இவ்வசனத்தையே ஆதாரமாக ஓதினார்கள் என்றும் விரிவுரை நூல்கள் கூறுகின்றன. கல்லீரலும் மண்ணீரலும் நமக்கு ஆகுமாக்கப்பட்ட இரு இரத்தங்கள் என்பது இப்னு உமர் (ரலி) வாயிலாக வந்துள்ள அறிவிப்பு. பொட்டலத்தில் வாங்கும் இறைச்சியிலிருந்து கசியும் செந்நீரைக் கண்டு சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். அது பெரும்பாலும் தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் கலந்த நீரே, அஞ்சவேண்டியதில்லை.

இரத்தத்தை யாராவது குடிப்பார்களா என்று பிள்ளைகள் வியக்கிறார்கள். குடித்தார்கள். அறியாமைக் காலத்து அரபியர் பசி மிகுந்தால் கூரிய எலும்பால் ஒட்டகத்தைக் குத்தி, வடியும் இரத்தத்தைச் சேர்த்துப் பருகினர் என்று இப்னு கஸீர் எழுதுகிறார். கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மக்கள் மாட்டின் கழுத்து நரம்பில் அம்பெய்து இரத்தம் எடுத்துப் பாலுடன் அருந்தும் வழக்கமுடையவர்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்க் கடைகளில் ஆட்டு இரத்தம் விற்கப்படுகிறது. அண்டை வீடுகளில் அது பொரியலாகிறது. "எங்களுக்கு ஆகாது" என்று பணிவாகச் சொல்லி விலகுவதே போதும். முகஞ்சுளிப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பதையும் சேர்த்தே நாம் கற்பிக்கவேண்டும்.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். அறிவை மூடுவதெல்லாம் மதுவே என உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். போதையூட்டும் அனைத்தையும், உடலைத் தளரச் செய்யும் அனைத்தையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. ஹஷீஷ் முஸ்லிம் நாடுகளில் பரவலானபோது அறிஞர்கள் இவற்றைக் கொண்டே அளந்தார்கள். அது மதுவைப் போன்ற போதைப்பொருளே என்றார் இப்னு தைமிய்யா. அறிவைக் கெடுப்பது, ஆனால் மதுவின் வகையன்று. எனவே அதற்கு மதுவின் தண்டனையும் அசுத்தச் சட்டமும் பொருந்தா என்றார் மாலிகி அறிஞர் அல்கராஃபி. ஹராம் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. இந்தக் கருத்து வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் மறைக்கவேண்டாம் என்பது நம் எண்ணம். சட்டம் எவ்வளவு நுணுக்கமாகச் சிந்திக்கிறது என்பதை அவர்கள் காணட்டும்.

பெயர்களின் கதை இன்னும் சுவையானது. 'ஹஷீஷ்' என்ற அரபுச் சொல்லுக்கு உலர்ந்த புல் என்பதே பொருள். 'ஃபகீர்களின் புல்' என்று அதற்கொரு புனிதப் பூச்சும் பூசினார்கள். 'கஞ்சா' வடமொழிச் சொல். 1845 முதல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய இந்தியக் கூலிகளோடு சென்று, அத்தீவின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. இளைஞர்களின் சட்டைகளில் காணும் '420' எங்கிருந்து வந்தது? 1971இல் கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர், மாலை 4.20 மணிக்குக் கூடிக் கஞ்சாச் செடி தேடப் புறப்பட வைத்துக்கொண்ட குறிச்சொல் அது. நம் நாட்டில் நீண்டகாலம் அதே எண் மோசடிக் குற்றத்தின் சட்டப்பிரிவாக இருந்தது, பொருத்தம்தான்!

புல், ஸ்டஃப், பொட்டலம் என எல்லாப் பெயர்களும் பெற்றோரின் காதுக்குத் தப்பவும், கேட்பவனின் அச்சத்தைக் குறைக்கவும் உதவுகின்றன. தம் சமுதாயத்தில் சிலர் மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக் குடிப்பார்கள் என்ற நபிமொழியை இங்கேதான் பொருத்திப் பார்க்கவேண்டும். நாட்டின் சட்டமும் பெயரைப் பார்ப்பதில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, ஒரு கிலோவுக்கு உட்பட்ட சிறு அளவுக் கஞ்சாவுக்கும் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

ஏற்கெனவே சிக்கிக்கொண்ட பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு சொல். ஜமாஅத்தில் தெரிந்துவிடும் என்றஞ்சி மருத்துவரிடம் போகாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. இரத்தத்தை விலக்கும் அதே அல்பகரா 173ஆம் வசனம் நிர்ப்பந்தத்திற்கு ஆளானவருக்கு விலக்களிக்கிறது. நோயாளிக்கு இரத்தம் ஏற்றுவதை அறிஞர்கள் அனுமதித்தது அவ்வடிப்படையில்தான். போதையிலிருந்து மீட்க மருத்துவர் தரும் மருந்துக்கும் அதே வழி திறந்திருக்கிறது. சிறு அளவோடு பிடிபட்ட அடிமை, அரசு அங்கீகரித்த சிகிச்சை மையத்தில் தானே முன்வந்து சேர்ந்தால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற அச்சட்டத்தின் 64ஏ பிரிவு இடமளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் அப்பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். ஆகவே முடியும்வரை உடனிருந்து அழைத்துச் செல்லுங்கள்.